சாய ஊசி சிஸ்டர் பெலாய்னெஷ்

எங்கள் ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் மிஷின் வந்து இறங்கியபோது, அதற்குக் காவலாக வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். உள்ளே நோயாளிகளைத் தயார் செய்வதற்கு சிஸ்டர் பெலாய்னெஷை அனுப்பினார்கள். மிஷின் பாதி நாள் ஓடும், பாதி நாள் படுத்துக்கொள்ளும். வொல்லோ மலைநாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நோயாளியைக் கட்டிலோடு தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலம் கடந்து வருகிறவர்கள். உள்ளே படம் எடுப்பார்கள், வெளியே டாக்டர் உதட்டைப் பிதுக்குவார், வந்த வழியே கட்டில் திரும்பிப் போகும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அந்த மிஷின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. ஊரில் யாராவது "எண்ட்ரிஸ், உனக்கென்னப்பா, நிழல்ல உக்கார்ற வேலை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிழலாம் நிழல்! ஒரு வாரம் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

பெலாய்னெஷுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஆள் குள்ளம், குரல் மட்டும் மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும். கணவன் அரபு தேசத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவளிடம் வாயைத் திறந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளை இல்லை. காலையில் எனக்கு முன்னால் வந்துவிடுவாள்.

சாய மருந்து ஏற்றி எடுக்கிற ஸ்கேன் என்றால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய. சாப்பிட்டாயா, ஆஸ்துமா உண்டா, சர்க்கரை உண்டா, எதையாவது தின்று உடம்பு தடித்ததுண்டா, வயிற்றில் பிள்ளை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நோயாளியைக் கேட்டால் கூட வந்த மாமனார் பதில் சொல்வார். "உங்க வயித்துலயா பிள்ளை? அவ சொல்லட்டும், நீங்க வெளிய போங்க" என்று விரட்டுவாள். வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வாள். ஞானஸ்நானத்தின்போது கழுத்தில் கட்டிய கருப்புக் கயிற்றை மட்டும் அறுக்க மாட்டாள். அதில் சிலுவை தொங்கினால் சிலுவையை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றை ஒதுக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவாள். அப்புறம் நரம்பு தேடுவாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் கைராசிக்காரி. ஒரே குத்து, ரத்தம் வந்துவிடும்.

ஊசி ஏற்றியதும் அவள் சொல்கிற பேச்சு எனக்கு மனப்பாடம்.

"இங்க பாரு கண்ணு. உள்ள போனதும் மருந்து ஏறும். உடம்பு பூரா திகுதிகுன்னு சுடும். வாய்ல இரும்பு நக்கின மாதிரி இருக்கும். அப்புறம், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். போயிருக்க மாட்டே. வெக்கப்பட்டுக்கிட்டு எந்திரிச்சு ஓடினே, படம் போச்சு. நானே வந்து உதைப்பேன்."

நோயாளிகள் சிரித்துவிடுவார்கள். சாவு பயத்தோடு வந்தவர்கள் சிரிப்பதை நான் அந்த வாசலில்தான் பார்த்தேன்.

அவள் கிறிஸ்தவள், நான் முஸ்லிம். எங்கள் பக்கம் அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, ஒருவர் கல்யாணத்துக்கு ஒருவர் பாத்திரம் கழுவுவோம். ஆனால் கேலிக்குக் குறைவிருக்காது. ரமலானில் நான் முக்காலியில் தலை தொங்கிக்கொண்டிருந்தால், "என்ன அண்ணே, ஒரு மாசத்துக்கே இப்படியா? நாங்க வருஷத்துல பாதி நாள் நோன்பு, தெரியும்ல?" என்பாள். ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு வந்தால் என் முறை. இறைச்சி, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. பக்தி அதிகம் உள்ளவர்கள் மத்தியானம் மூன்று மணி வரை பச்சைத் தண்ணீரும் தொட மாட்டார்கள். அதிலும் ஒரு விதி உண்டு. நோன்பிருப்பதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டினால் பலன் போய்விடும். "சாப்பிட்டாச்சா சிஸ்டர்?" என்று நான் கேட்டால், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, "ஆச்சு ஆச்சு, வயிறு முட்ட" என்பாள். "பொய் சொல்றதுக்கு உங்க சாமி தனியா சம்பளம் தருமா?" என்று நான் கேட்பேன். அவளுக்குக் கோபமே வராது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உதட்டில் வாஸ்லைன் தடவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவாள்.

அப்படி ஒரு பெரிய நோன்புக் காலத்தில்தான் ஷாஷிது வந்தாள்.

முப்பது, முப்பத்திரண்டு வயது. மேட்டு நிலத்துப் பார்லிக் குடியானவர்கள். கணவன் பெயர் யிமெர். அவள் சிறுநீரில் பல மாதங்களாக ரத்தம். இடது சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாக அவர்கள் வட்டாரத்து ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலது பக்கம் நன்றாக இருந்தது. அந்த வாரம் அடிஸ் அபாபாவிலிருந்து டாக்டர் ஹெனோக் என்ற சர்ஜன் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். வருஷத்தில் ஒரே ஒரு வாரம் வருவார். அவர் ஷாஷிதுவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாயம் ஏத்தி ஒரு ஸ்கேன் வேணும். கட்டி பெரிய ரத்தக் குழாய்க்குள்ள போகலைன்னா வெள்ளிக்கிழமை எடுத்துடுவேன். போயிருந்தா என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். ஸ்கேனுக்கு வியாழக்கிழமைதான் இடம் கிடைத்தது. அவள் பிழைப்பது அந்த ஒரு படத்தில் இருந்தது. எங்கள் வாசலுக்கு நேரத்தோடு வந்த ஒருத்தி என்று எனக்கே மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

திங்கட்கிழமை பெலாய்னெஷ் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். என் காதால் கேட்டேன்.

"வியாழக்கிழமை காலையில எதுவும் சாப்பிடாம வா. வயிறு காலியா இருக்கணும். ஆனா தண்ணி குடிக்கலாம். நிறையக் குடி. கேட்டுதா யிமெர்? தண்ணி குடிக்கச் சொல்லு."

"சரி சிஸ்டர், சரி சிஸ்டர்" என்று யிமெர் தலையைத் தலையை ஆட்டினான். ஊருக்குப் போய்த் திரும்ப முடியாது என்று இருவரும் கோயில் வளாகத்தில், புனித நீருக்கு வருகிறவர்கள் தங்கும் கொட்டகையில் தங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஷாஷிதுவைப் பார்த்ததும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தலையில் வெண்ணெய் தடவி வாரிப் பின்னியிருந்தாள். முகம் பளபளவென்று இருந்தது. உதடு மினுங்கியது. துவைத்த வெள்ளைச் சால்வை.

"அடி ஆத்தி! ஸ்கேனுக்கு வந்தியா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்றாள் பெலாய்னெஷ்.

ஷாஷிது சால்வையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"காலையில சாப்பிடலையே?"

"இல்ல சிஸ்டர்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"நேத்து?"

"நேத்தும் குடிச்சேன். நல்லா சாப்பிட்டேன், குடிச்சேன்."

ஊசிக்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். எங்கள் லேபில் அதற்கான மருந்து தீர்ந்து போய் வாரக்கணக்காகியிருந்தது. வட்டாரத்து ஆஸ்பத்திரியில் முன்னால் எடுத்த சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு, ஆளின் உதட்டிலும் நாக்கிலும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வதுதான் அன்றைக்கு வழக்கம். உதடு மினுங்கிக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டு என்று அவள் சொன்னாளா, இல்லையா, எனக்கு நினைவில்லை. வெளியே இன்னும் கட்டில்கள் காத்திருந்தன. டெக்னீஷியன் உள்ளேயிருந்து "சீக்கிரம் சிஸ்டர், மிஷின் சூடாகுது" என்று கத்திக்கொண்டிருந்தான்.

நரம்பு மட்டும் கிடைக்கவில்லை. ஒரு குத்து, இரண்டு குத்து. கைராசிக்காரி கை அன்றைக்குத் தடுமாறியது. "மலைக் குளிருல நரம்பெல்லாம் உள்ள ஓடிப் போச்சு" என்று திட்டிக்கொண்டே வெந்நீர்ப் பையை வைத்துத் தேய்த்து, முழங்கைப் பக்கத்தில் ஒரு வழியாக ஏற்றினாள். அப்புறம் வழக்கமான பேச்சு. உடம்பு சுடும், இரும்பு நக்கின மாதிரி இருக்கும், ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கும். ஷாஷிது குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது, தொலைய மாட்டேன் என்கிறது.

படம் வந்தது. டாக்டர் ஹெனோக் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அருமையான படம். கட்டி ரத்தக் குழாய்க்கு வெளியேதான் இருக்கு. நாளைக்கு எடுத்துடலாம்" என்றார். எங்கள் வாசலில் அந்த மாதிரி வார்த்தை கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! நான் யிமெரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவன் தரையை முத்தமிட்டான்.

அன்று மத்தியானம் யிமெர் ஒரு துணி முடிச்சு நிறைய வறுத்த பார்லியைக் கொண்டு வந்து பெலாய்னெஷின் மடியில் கொட்டினான். மிஷின் ஓய்ந்திருந்த நேரம், நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்; சாப்பிட்டாச்சா என்று கேட்டதற்கு வழக்கம்போல ஆச்சு என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"சிஸ்டர், இப்ப சொல்லலாம். இப்ப சொன்னா தப்பில்ல. படம் ஏன் அவ்வளவு சுத்தமா வந்துச்சு தெரியுமா?"

"ஏன்? நான் ஊசி போட்டேன், வந்துச்சு."

"நீங்க போட்டீங்க, இல்லேங்கல. ஆனா அவ நேர்ந்துக்கிட்டா. வயிறு காலியா வேணும்னு நீங்க திங்கட்கிழமை சொன்னீங்கல்ல? அன்னைக்கே ஆரம்பிச்சுட்டா. மூணு நாள், சிஸ்டர். ஒரு வாய் இஞ்சேரா ரொட்டி இல்ல. ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சாமியார் தலையில புனிதத் தண்ணி ஊத்துறப்ப உதட்டுல வழிஞ்சுது, அப்பக்கூட வாயை இறுக்கிக்கிட்டா. நோயாளிக்கு நோன்பு வேணாம்னு சொல்லிடுவாருன்னு சாமியார்கிட்டகூட சொல்லல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு முகத்துக்கு வாஸ்லைன் நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

பெலாய்னெஷ் எழுந்தாள். மடியிலிருந்த பார்லி எல்லாம் தரையில் சிதறியது. "இப்பவாவது குடிச்சாளா?" என்று கேட்டாள்.

"மூணு மணி ஆகட்டும்னு..."

அவள் ஓடினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடி நான் பார்த்ததில்லை. காய்ந்து கிடக்கிற உடம்பில் அந்தச் சாயம் ஏறினால் சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும் என்று எனக்கு அப்போதுதான் சொன்னார்கள். இவளுக்கோ நல்ல சிறுநீரகம் ஒன்றே ஒன்று. பெலாய்னெஷ் ஆபரேஷனுக்காகச் சேர்த்திருந்த வார்டில் போய் ஷாஷிதுவின் இரண்டு கையிலும் சலைன் ஏற்றினாள், வாயில் தண்ணீரை ஊற்றினாள், டாக்டர் ஹெனோக்கை ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கு அடியில் வைத்த பாத்திரத்தைக் குனிந்து குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணுக்கு வருதா கண்ணு?"

"வர்ற மாதிரி இருக்கு சிஸ்டர். வரல" என்றாள் ஷாஷிது. காலையில் கேட்ட கேலி ஞாபகம் வந்ததோ என்னவோ, லேசாகச் சிரித்தாள். பெலாய்னெஷ் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமையும் பாத்திரம் காய்ந்துதான் கிடந்தது. டாக்டர் ஹெனோக் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். அப்புறம் ரத்து செய்தார். அந்த இடத்தில் கல் அடைப்பு உள்ள ஒரு வியாபாரியை எடுத்தார்கள். சனிக்கிழமை ஷாஷிதுவின் பளபளத்த முகம் வீங்க ஆரம்பித்தது. "டயாலிசிஸ் பண்ணினா சிறுநீரகம் திரும்பிவர வாய்ப்பிருக்கு, அப்புறம் அடுத்த வருஷம் கட்டியைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ஊருக்குக் கிளம்பினார். டயாலிசிஸ் மிஷின் எங்கள் ஊரில் கிடையாது. பெலாய்னெஷ் தலைநகரத்தில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டாள். கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். இடம் இல்லை, ஈஸ்டர் கழித்துப் பாருங்கள் என்றார்கள். கடைசியில் அழைத்துக்கொண்டு போய் வாசலில் போட்டால் விரட்டவா போகிறார்கள் என்று ஒரு மினிபஸ் பிடித்து ஏற்றிவிட்டாள். பாதி மலை இறங்குவதற்குள் ஷாஷிதுவுக்கு மூச்சு வாங்கியது. தலைநகரத்துக்கு அவள் போய்ச் சேரவில்லை. யிமெர் வண்டியை ஊருக்குத் திருப்பச் சொல்லிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பெரியவர்கள் பெலாய்னெஷைக் கூப்பிட்டுப் பேசினார்கள். யார் தப்பும் இல்லை, நோயாளி பொய் சொன்னாள், நீ வெளியில் எதுவும் பேசாதே என்று அனுப்பினார்கள். அவள் அடுத்த நாளும் வேலைக்கு வந்தாள். ஒவ்வொரு நோயாளியின் வாயையும் திறந்து, விரலை விட்டு நாக்கைத் தொட்டுப் பார்த்தாள். உடம்பு சுடும் என்பதை மட்டும் சொல்வாள், மிச்சத்தைச் சொல்ல மாட்டாள். நோயாளிகள் பயந்துகொண்டே உள்ளே போனார்கள்.

"சிஸ்டர், உங்களுக்குத் தெரியாதே" என்றேன் ஒரு நாள்.

"எனக்குத் தெரியாதா? எனக்கா?" அவள் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள். "நானும் இதைத் தடவிக்கிட்டுத்தானே அண்ணே அன்னைக்கு நின்னேன். நீ சாப்பிட்டாச்சான்னு கேட்டே, ஆச்சுன்னு சொன்னேன். அவ சொன்ன அதே பொய். அதே வார்த்தை. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

ஷாஷிதுவின் துக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நானும் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் நடக்கையில், "யிமெர்கிட்ட சொல்லப் போறேன். ஊசி போட்டது நான், பாக்காம விட்டது நான்னு சொல்லப் போறேன். அவன் என்னை அடிச்சாலும் சரி. நீ குறுக்க வரக் கூடாது" என்றாள். அவள் போனது ஆறுதல் சொல்ல அல்ல, திட்டு வாங்கத்தான் என்பது எனக்குப் புரிந்தது. அடி வாங்கினாலாவது இவளுக்குத் தூக்கம் வரும் என்று நானும் நினைத்தேன்.

முற்றத்தில் கூடாரம் போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நோன்போடு போன புண்ணியவதி, நேராகச் சொர்க்கம்தான் என்று கிழவர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு எட்டு வயது இருக்கலாம், வந்தவர்கள் கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். யிமெர் மொட்டையடித்திருந்தான். பெலாய்னெஷைப் பார்த்ததும் எழுந்து வந்தான். நாங்கள் மூவரும் பார்லிக் களத்துப் பக்கம் ஒதுங்கி நின்றோம்.

"யிமெர், நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று அவள் ஆரம்பித்தாள். "ஷாஷிதுவோட சிறுநீரகம் தானா நிக்கல. அவ உடம்புல தண்ணி இல்ல. தண்ணி இல்லாத உடம்புல நான் மருந்தை ஏத்திட்டேன். பாத்திருக்கணும். பாக்கல. தண்ணி குடிச்சிருந்தா பிழைச்சிருப்பா. என்னாலதான்."

அவன் அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. களத்தின் ஓரத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"தெரியும் சிஸ்டர். நீங்க பார்லியைக் கொட்டிட்டு ஓடினீங்களே, அப்பவே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சுமா என்னை ஒண்ணும் கேக்கல?"

"உங்களை என்ன கேக்கறது? தண்ணி குடிக்கச் சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்க, என் பேரைச் சொல்லிச் சொன்னீங்க. அது தாங்க முடியாதவங்களுக்குச் சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டேன். இவளால முடியும்னு எனக்கு ஒரு பெருமை, சிஸ்டர்." அவன் மண்ணைக் கையில் எடுத்துக் கசக்கினான். "ரெண்டாம் நாளு அவ கேட்டா. யிமெர், முடியல, ஒரே ஒரு வாய் குடுன்னு கேட்டா. டம்ளர்ல ஊத்திட்டேன். அவ கையை நீட்டிட்டா. அப்ப நான்தான் சொன்னேன், இவ்வளவு தாங்கிட்ட, நாளைக்கு ஒரு நாள்தானே, பாழாக்கிடாதேன்னு."

பெலாய்னெஷ் அவன் தோளைத் தொடப் போனாள். கை பாதியில் நின்றது.

"சரின்னு கையை எடுத்துக்கிட்டா. ஊத்தின தண்ணியை என்ன பண்றது? அவ பாத்துக்கிட்டே இருந்தா. நான் குடிச்சேன்."